சனிக்கிழமை மழையாம்: பிள்ளைங்களோட ப்ளூகில், க்ராப்பி மீன் பிடிக்கப் போகலாமா?

ஈகன்_அப்பா | வெள்ளி காலை 8:12

வணக்கம் மக்களே. மினசோட்டா, ட்வின் சிட்டீஸ் தெற்குப் பக்கம் இருக்கோம். நாளைக்குக் குடும்பத்தோட பக்கத்து ஏரியில ஃபிஷிங் பியர்ல (தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற பலகை மேடை) தூண்டில் போடறதா ப்ளான். ஒன்பது வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன், வீட்டுக்காரம்மா, ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமனார். இப்பப் பார்த்தா நாள் முழுக்கத் தூறல், 58 டிகிரி ஃபாரன்ஹீட் (14 செல்சியஸ்)ங்கறான். மழையில மீன் கடிக்குமா, இல்ல அடுத்த வாரத்துக்குத் தள்ளிடலாமா? எங்ககிட்ட இருக்கிறது ரெண்டு சின்ன ராடு, மண்புழு, கொஞ்சம் சிவப்பு வெள்ளைத் தக்கை. மாமனார் தாமிரபரணிக் கரையில வளர்ந்தவர். ரீல் எல்லாம் எதுக்கு, ஒரு மூங்கில் கம்பு போதும்ங்கறார்.

பழைய_தூண்டில் | வெள்ளி காலை 9:03

தள்ளிப் போடாதீங்க. வெயில் அடிக்கிற சனிக்கிழமை மதியம் அந்தப் பியர்ல நிக்க இடம் இருக்காது. தூறல்ல பியரே உங்களுக்குத்தான்.

ரெண்டு மீனும் மழைக்கு ஒரே மாதிரி நடந்துக்காது. க்ராப்பிக்குக் கண்ணு பெருசு, மங்கின வெளிச்சத்துல மேயற மீன். வெயில் நாள்ல விடியக்காலையும் அந்தியும் கொஞ்ச நேரம் கடிச்சிட்டு, மிச்ச நேரம் ஆழத்துலயோ மூழ்கின மரக்கிளை நடுவுலயோ சும்மா நிக்கும். மேகம் மூடிட்டா அந்தக் கொஞ்ச நேரம் பகல் பூரா நீளும். ப்ளூகில் பகல் மீன். ஒவ்வொண்ணாப் பார்த்துப் பொறுக்கித் தின்னும். தூறல்ல கடிக்கும், ஆனா கனமழை பெஞ்சு தண்ணி கலங்கிட்டா அதுக்குத் தெரியாது. அதனால வாய்க்கால் தண்ணி வந்து விழற பக்கம் பழுப்பா இருந்தா, தெளிஞ்ச பக்கமாப் போய் நில்லுங்க. கலங்கலும் தெளிவும் சேர்ற கோடு இருக்கே, அங்கதான் க்ராப்பி காத்துக்கிட்டு நிக்கும்.

இது மே கடைசி. க்ராப்பி கரையோரம் முட்டை போட வந்து திரும்பற நேரம், ப்ளூகில் வந்து சேர்ற நேரம். ரெண்டும் கரைக்குப் பக்கத்துல இருக்கும், பியர்ல இருந்தே எட்டும். இதே 58 டிகிரி மழை ஏப்ரல்ல பெஞ்சிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன். அப்போ குளிர் மழை ஆழமில்லாத குடாவைச் சில்லுனு ஆக்கி, வந்த மீனையெல்லாம் திருப்பி அனுப்பிடும்.

தூண்டில் முள் விஷயம் முக்கியம். கடைக்காரங்க குழந்தைக்குன்னு விக்கிற செட்டுல பெரிய முள்ளா இருக்கும், ப்ளூகில் வாய்க்குள்ள அது போகவே போகாது. 8 அல்லது 10 நம்பர் வாங்குங்க, தண்டு நீளமானது. கழட்ட வசதி. 4 பவுண்டு தாங்கற தூண்டில் நரம்பு. தக்கைக்குக் கீழ ஒரு சின்ன ஈயக் குண்டு, ஈயம் இல்லாத டின் குண்டு கிடைச்சா இன்னும் நல்லது. புழுவை முழுசாக் கோக்காதீங்க, அரை அங்குலத் துண்டு போதும். வால் நீளமாத் தொங்கினா ப்ளூகில் அதை மட்டும் கடிச்சு இழுத்துட்டுப் போயிடும், பையன் வெறும் முள்ளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அலுத்துடுவான்.

மாமனார் சொல்றதும் சரிதான். ரீல் இல்லாத பத்தடிக் கம்பு ப்ளூகில்லுக்குன்னே பிறந்தது. பையன் கையிலயும் ஒண்ணு கொடுங்க. ரீல் சிக்கெடுக்கறதுலயே உங்க பாதி நாள் போகாது.

வெள்ளாறு_மைந்தன் | வெள்ளி காலை 9:20

பாரோமீட்டர் இறங்கும்போது போங்க ப்ரோ. ஏற ஆரம்பிச்சதும் கடி நின்னுடும். இது எல்லா மீன்காரனுக்கும் தெரிஞ்ச விஷயம்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி காலை 10:41

எல்லா மீன்காரனுக்கும் தெரியும், மீனுக்குத் தெரியுமான்னுதான் எனக்குச் சந்தேகம். ஒரு பெரிய புயல் முன்னணி கடந்து போகும்போது காற்றழுத்தம் அரை அங்குலப் பாதரசம் இறங்குதுன்னு வச்சுக்கோங்க. அது தண்ணிக் கணக்குல 17 சென்டிமீட்டர். அதாவது, நாள் பூரா இறங்கற அழுத்தத்தை மீன் ஒரு ஜாண் மேல நீந்தி ஒரு நொடியில பார்த்துடும். தக்கையைப் பார்த்து ஓரடி மேல வர்ற க்ராப்பிக்கு ரெண்டு புயல் கடந்த மாதிரி.

அழுத்தம் இறங்கும்போது கடிக்கறது உண்மையா இருக்கலாம். ஆனா அப்போ கூடவே மேகம் வருது, காத்து வருது, தண்ணி மேல அலை வந்து வெளிச்சம் உடையுது. பூச்சி புழு கரையில இருந்து அடிச்சிட்டு வருது. மீன் பார்க்கறது இதையெல்லாம். பாரோமீட்டரைப் பார்க்கறது நாமதான்.

வெள்ளாறு_மைந்தன் | வெள்ளி காலை 10:55

சரிங்க சார், பேர் என்னவா இருந்தா என்ன, மழைக்கு முன்னாடி போனா கடிக்குதில்ல? என் கட்சி ஜெயிச்சாச்சு.

ரெண்டு_பிள்ளை_அம்மா | வெள்ளி காலை 11:30

மீன் பத்தி அண்ணன்மாருங்க பேசிட்டாங்க, நான் பிள்ளைங்க பத்திச் சொல்றேன். நாங்க விஸ்கான்சின்ல மாடிசன் பக்கம்.

58 டிகிரி காய்ஞ்சு இருந்தா சுகம். நனைஞ்சா பிள்ளைங்களுக்கு நடுக்கம் எடுத்துடும். ஜீன்ஸ், பருத்தி ஹூடி ரெண்டும் வேண்டாம், தண்ணியை உறிஞ்சிக்கிட்டு உடம்போட ஒட்டிக்கும். உள்ள கம்பளி இல்லைன்னா பாலியெஸ்டர், மேல ரெயின் ஜாக்கெட், கீழ ரெயின் பேன்ட். குடை எடுத்துட்டுப் போகாதீங்க. ஒரு கையில குடை ஒரு கையில ராடுன்னா எதுவும் நடக்காது, காத்து அடிச்சா அடுத்தவங்க கண்ணுல குத்தும். பியர் பலகை ஈரத்துல வழுக்கும், ஆறு வயசுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு விடுங்க. படகுலதான் சட்டம் கேட்கும், கரையில நீங்கதான் கேட்கணும். காருல ஒரு செட் துணி, சாக்ஸ் உட்பட. பெரிய துண்டு.

சாப்பாடு விஷயத்துல எங்க வீட்டு வழக்கம், தெர்மாஸ்ல மிளகு ரசம். கப்புல ஊத்திக் கொடுத்தா பிள்ளைங்க கை சூடாகும், வயிறும். பொடி தடவின இட்லியை ஃபோர்க்கால குத்திச் சாப்பிடச் சொல்லுங்க, புழு தொட்ட கை.

ரொம்ப நேரம் நிக்காதீங்க. பையன் இன்னும் ஒண்ணு இன்னும் ஒண்ணுன்னு கேட்கும்போதே கிளம்பிடணும். குளிருது வீட்டுக்குப் போலாம்னு அவன் சொல்ற வரைக்கும் விட்டா அடுத்த தடவை வர மாட்டான்.

ஏரிக்காவல் | வெள்ளி மதியம் 12:15

ஒண்ணே ஒண்ணு. தூறல் வேற, இடி வேற. இடி காதுல விழுந்தா அந்த நிமிஷமே சுருட்டிடுங்க. ஏரி நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற பியர்ல கிராஃபைட் ராடைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கறீங்க, கிராஃபைட் மின்சாரம் கடத்தும். பூங்காவுல சுவர் இல்லாத கூரைப் பந்தல் இருக்குமே, அது மழைக்குத்தான், மின்னலுக்கு இல்ல. காருக்குள்ள கண்ணாடியை ஏத்திட்டு உக்காருங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் திரும்ப வெளிய வரணும்.

அப்புறம் மாமனாருக்கு லைசன்ஸ். மினசோட்டாவுல 15 வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு வேண்டாம். உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் தம்பதி லைசன்ஸ் ஒண்ணா எடுத்தா மலிவு. விருந்தாளியா வந்தவர் மூங்கில் கம்பு பிடிச்சாலும் வெளியூர்க்காரர் லைசன்ஸ் வேணும், 24 மணி நேரத்துக்கு, 72 மணி நேரத்துக்குன்னு தனியாவே தர்றாங்க. ஆன்லைன்ல எடுத்துடலாம். ஆளுக்கு ஒரு தூண்டில்தான்.

டாலஸ்_தம்பி | வெள்ளி மதியம் 1:02

டெக்சாஸ் பக்கம் இருக்கிறவங்களுக்கும் ஒரு தகவல், ஸ்டேட் பார்க் உள்ள கரையிலயோ பியர்லயோ நின்னு பிடிச்சா பெரியவங்களுக்கும் லைசன்ஸ் வேண்டாம். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா நாங்க நேரா அங்கதான். பல பார்க்குல ராடே இலவசமா இரவல் தருவாங்க.

ஈகன்_அப்பா | வெள்ளி மதியம் 1:40

எல்லாருக்கும் நன்றி. போறதுன்னு முடிவு பண்ணியாச்சு, மாமனாருக்கு 24 மணி நேர லைசன்ஸ் எடுத்தாச்சு. ரெண்டு சந்தேகம். மழைத்துளி விழுந்து தக்கை ஆடிக்கிட்டே இருக்குமே, மீன் கடிக்குதுன்னு எப்படித் தெரியும்? மீதிப் புழுவை அங்கயே விட்டுட்டு வரலாமா?

பழைய_தூண்டில் | வெள்ளி மதியம் 2:25

உருண்டைத் தக்கையைத் தூக்கிப் போட்டுட்டு பென்சில் மாதிரி ஒல்லியான தக்கை வாங்குங்க, தலை ஆரஞ்சு நிறமா. உருண்டைத் தக்கை அலைக்கு அலை துள்ளும். ஒல்லித் தக்கை தண்ணியைக் கிழிச்சிட்டு நிக்கும், நுனி மட்டும் தெரியற மாதிரி குண்டைச் சேர்த்துக்கோங்க. மழைத்துளி அடிச்சா நுனி நடுங்கும், அந்த இடத்தை விட்டு நகராது. ப்ளூகில் வந்தா டொக் டொக்னு ரெண்டு தட்டு, அப்புறம் தக்கை ஒரு பக்கமா ஓட ஆரம்பிக்கும். க்ராப்பிதான் ஏமாத்தும். அது கீழ இருந்து மேல பார்த்து மேயற மீன், இரையை வாயில வாங்கிட்டு மேலயே வரும். பாரம் போனதும் நேரா நின்ன தக்கை அப்படியே படுத்துடும். தக்கை படுத்தா தரையைத் தொட்டுடுச்சுன்னு நினைச்சுச் சும்மா இருக்காதீங்க, தூக்குங்க. வெடுக்குனு இல்ல, மெதுவா. க்ராப்பியோட உதட்டுத் தோல் காகிதம் மாதிரி, வேகமா இழுத்தா கிழிஞ்சு போயிடும்.

க்ராப்பிக்கு ஆழம் வைக்கும்போது மீன் நிக்கிற மட்டத்துக்கு ஓரடி மேலயே வைங்க. மேல இருக்கிறதை வந்து எடுக்கும், கீழ போனதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கையில பிடிக்கிறது எப்படின்னு பொண்ணுக்கு முன்னாடியே காட்டிடுங்க. ப்ளூகில் முதுகு முள்ளைச் சிலுப்பிக்கிட்டு வரும். கையை நனைச்சுக்கிட்டு, தலைப் பக்கத்துல இருந்து வால் பக்கமாத் தடவிக்கிட்டே வந்து முள்ளைப் படிய வச்சு அப்படியே பிடிக்கணும். ஊர்ல ஜிலேபிக் கெண்டையைப் பிடிச்ச கை உங்க மாமனாருக்கு இருக்கும், அவரையே காட்டச் சொல்லுங்க.

ஏரிக்காவல் | வெள்ளி மதியம் 2:50

புழுவைக் கரையில கொட்டாதீங்க. பனியுகத்துப் பனிப்பாறை மூடியிருந்த இந்த மினசோட்டாக் காடுகள்ல சொந்த மண்புழுவே கிடையாது, இப்ப இருக்கிறதெல்லாம் ஐரோப்பா, ஆசியாவுல இருந்து வந்தது. காட்டுத் தரையில இருக்கிற சருகு மெத்தையைத் தின்னு தீர்த்துடுது, அதை நம்பி முளைக்கிற செடியெல்லாம் போச்சு. ஊர்ல மண்புழு உழவனின் நண்பன்னு படிச்சோம், இங்க அப்படி இல்ல. டப்பாவோட குப்பைத் தொட்டியில போடுங்க. சின்ன மீன் இரை வாங்கினா அந்த வாளித் தண்ணியை ஏரியை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே தரையில வடிச்சுடணும், அது சட்டம். மீதி இரை மீனையும் ஏரியில விடக் கூடாது. உயிரோட வீட்டுக்குக் கொண்டு போகணும்னா பாட்டில் தண்ணியை மாத்தி ஊத்திக்கணும்.

ஈகன்_அப்பா | சனி இரவு 9:18

போயிட்டு வந்தாச்சு!! காலையில தூறல், பதினொரு மணிக்கு மேல கொஞ்சம் கனம். இடி இல்ல. பியர்ல எங்களைத் தவிர தென்கிழக்காசியப் பக்கத்து ஹ்மாங் இனக் குடும்பம் ஒண்ணு மட்டும். அந்தப் பாட்டி நாற்காலி போட்டு உக்காந்து ஒண்ணொண்ணா இழுத்துட்டு இருந்தாங்க, எங்க மாமனாரும் அவங்களும் ஒரு பொதுவார்த்தை இல்லாம நல்லாப் பேசிக்கிட்டாங்க. அவங்கதான் காட்டினாங்க, பியரோட மூலைக்கால் பக்கத்துல விடுன்னு. நாங்க தூரமா வீசிக்கிட்டு இருந்தோம், மீன் காலடியில நின்னுட்டு இருந்துச்சு.

பொண்ணுக்கு க்ராப்பி. நீங்க சொன்ன மாதிரியே தக்கை படுத்துச்சு, அவதான் முதல்ல பார்த்தா, "அப்பா அது தூங்குது"ன்னா. பையனுக்கு ப்ளூகில்லா வந்துச்சு, எல்லாம் உள்ளங்கை அளவு. மாமனார் கம்புல வந்ததுதான் பெருசு, ஒன்பது அங்குலத்துக்கு மேல. நெத்தி மேடு தூக்கி, நெஞ்சு செம்பு நிறத்துல தகதகன்னு இருந்துச்சு. படம் போட்டிருக்கேன். வாளிக்குள்ள போயாச்சு, நாளைக்கு வறுவல்.

ஸ்கார்பரோ_சுறா | சனி இரவு 10:05

வாழ்த்துக்கள் அண்ணை, பிள்ளையளுக்கும். நாங்கள் இஞ்ச கனடாவில போர்ட் பெரியில ஸ்குகோக் ஏரிக்குத்தான் போறனாங்கள், க்ராப்பிக்கு. மழை எண்டால் எங்கட ஆக்கள் கூடத்தான் வருவினம்.

ஒரு கதை சொல்லோணும், கோவிக்காதையுங்கோ. உந்தப் படத்தில இருக்கிறது ஆண் மீன். நெஞ்சு நிறத்தைப் பாக்கவே தெரியுது, கூடு காக்கிற காலம். ப்ளூகில்லில பொம்பிளை மீன் முட்டையைப் போட்டிட்டுப் போயிடும். வாலால பள்ளம் தோண்டி, முட்டைக்குக் காத்து விசிறி, குஞ்சு பொரிக்குமட்டும் காவல் நிக்கிறது ஆண்தான். அதைத் தூக்கினால் பக்கத்தில நிக்கிற சின்ன மீனெல்லாம் வந்து முட்டையை முடிச்சிடும். ஒன்டாரியோவில ஓபினிகான் ஏரியில இதைப்பற்றி நிறைய ஆராய்ச்சி செய்திருக்கினம். கூடு கட்டுற ஆண் ஏழு வயசளவில தான் அந்த நிலைக்கு வருது. இன்னொரு வகை ஆண் ரெண்டு வயசிலயே முதிர்ந்து, கூடு கட்டாமல் மற்றவன்ர கூட்டுக்குள்ள களவாப் பூந்து போறது. பெரிய ஆணையெல்லாம் நாங்கள் சட்டியில போட்டால் ஏரியில மிஞ்சுறது ஆர்?

வெள்ளாறு_மைந்தன் | சனி இரவு 10:20

அட, ஒரு மீன்தானேங்க. பெரியவர் ஆசையா பிடிச்சது. குளத்துல ப்ளூகில் பெருகிப் போய்க் குட்டையாக் கிடக்குதுன்னும் அதே ஆராய்ச்சிக்காரங்கதானே சொல்றாங்க? அப்போ எடுத்தா நல்லதுதானே?

பழைய_தூண்டில் | ஞாயிறு காலை 7:48

குட்டையாக் கிடக்கறதுக்கு ஒரு காரணமே பெருசை மட்டும் எடுத்ததுதான். பெரிய ஆண் பக்கத்துல இருக்கிற வரைக்கும் இளசுங்க முதிர்ச்சியைத் தள்ளிப் போட்டு உடம்பை வளர்க்கும். பெருசு போயிட்டா ஆறு அங்குலத்துலயே கூடு கட்ட ஆரம்பிச்சு, வளர்ச்சி அங்கயே நின்னுடும். இதனாலதான் மினசோட்டா இயற்கை வளத்துறை (டி.என்.ஆர்.) 2021 வாக்குல இருந்து பல ஏரியில ஒருத்தர் எடுக்கக்கூடிய சன்ஃபிஷ் (ப்ளூகில்லும் அதுல ஒண்ணு) எண்ணிக்கையை 20-ல இருந்து 10, 5-ன்னு குறைச்சுட்டு வருது. க்ராப்பிக்கு மாநிலம் முழுக்கப் பொதுவா 10. உங்க ஏரிக்கு எவ்வளவுன்னு அந்த வருஷத்து விதிப் புத்தகத்துல பாருங்க, பியர் வாசல்லயும் பலகை இருக்கும்.

என் கணக்கு: ஆறரை, ஏழு அங்குலம் சட்டிக்கு. எட்டுக்கு மேல போனா படம் எடுத்துட்டுத் தண்ணிக்கு. ஜூலை கடைசிக்கு மேல கூடு எல்லாம் கலைஞ்ச பிறகு ஆசைக்கு ஒரு பெருசு எடுத்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஈகன் அண்ணன் பிடிச்சது சட்டப்படி சரிதான், பெரியவரைச் சாப்பிட விடுங்க.

டாலஸ்_தம்பி | ஞாயிறு காலை 9:10

விட்டுடறது எப்பவும் தர்மம்னும் சொல்ல முடியாது. எங்க டெக்சாஸ் லேக் ஃபோர்க் ஏரியில டிசம்பர் 1-ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் பிடிச்ச க்ராப்பியைத் திருப்பி விடவே கூடாது, சின்னதோ பெருசோ வாளிக்குள்ளதான், 25 ஆனதும் நிறுத்திடணும். குளிர்காலத்துல ரொம்ப ஆழத்துல இருந்து மேல வர்றதால காத்துப்பை வீங்கி, விட்டாலும் செத்துடும். மத்த மாசத்துல 10 அங்குலத்துக்குக் கீழ எடுக்கக் கூடாது. பியர்ல ஆறடித் தண்ணியில பிடிச்ச ப்ளூகில்லை விட்டா பிழைச்சுக்கும், அது வேற.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு காலை 9:35

இழைக்கு வெளியே ஒரு துணுக்கு. இதே ப்ளூகில்லை 1960-ல சிகாகோ மேயர், ஜப்பான் பட்டத்து இளவரசரா இருந்த அகிஹிதோவுக்குப் பரிசாக் கொடுத்தார். அவர் கொண்டு போய் ஆராய்ச்சி நிலையத்துல கொடுக்க, அங்கிருந்து பரவி பிவா ஏரி வரைக்கும் போய் அந்த ஊர் மீனையெல்லாம் தின்னுச்சு. 2007-ல பேரரசரா இருந்தப்போ அவரே வருத்தம் தெரிவிச்சார். அங்க யாரும் திருப்பி விடச் சொல்ல மாட்டாங்க.

ரெண்டு_பிள்ளை_அம்மா | ஞாயிறு காலை 10:02

சாப்பிடறதைப் பத்தி யாரும் கேட்கலையே. பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி டி.என்.ஆர். லேக்ஃபைண்டர் வலைத்தளத்துல உங்க ஏரி பேரைப் போட்டுப் பாருங்க, மீனுக்கு மீன் எவ்வளவு சாப்பிடலாம்னு இருக்கும். மத்த மீனைத் தின்னு வளர்ற வாலாய், நார்தர்ன் பைக் மாதிரி இல்லாம ப்ளூகில், க்ராப்பியில பாதரசம் குறைவுதான். ஆனா ட்வின் சிட்டீஸ் பக்கம் லேக் எல்மோ மாதிரிச் சில ஏரியில பிஎஃப்ஏஎஸ் ரசாயனத்துக்குன்னு தனி எச்சரிக்கை உண்டு.

ஈகன்_அப்பா | ஞாயிறு காலை 10:30

பார்த்துட்டேன் அக்கா, எங்க ஏரிக்குத் தனி எச்சரிக்கை ஒண்ணும் இல்ல. சன்ஃபிஷ் விளக்கத்துக்கு எல்லாருக்கும் நன்றி, மாமனாருக்கும் படிச்சுக் காட்டினேன். "அப்போ அடுத்த தடவை நடுத்தரமாப் பிடிக்கிறேன்"ங்கறார், என்னமோ மீன் அவர்கிட்ட கேட்டுட்டு வர்ற மாதிரி. இப்போ வீட்டுல வேற சண்டை. வீட்டுக்காரம்மா ஃபில்லே போடு, பிள்ளைங்களுக்கு முள் சிக்கும்ங்கறா. அவர் முழுசா வறுக்கணும்ங்கறார். க்ராப்பியில குழம்பு வைக்கலாமா?

ஸ்கார்பரோ_சுறா | ஞாயிறு காலை 11:15

ரெண்டும் செய்யுங்கோ. ப்ளூகில்லை முழுசாப் பொரியுங்கோ, க்ராப்பியைப் பிள்ளையளுக்கு முள்ளில்லாமல் வெட்டுங்கோ. ப்ளூகில்லுக்குக் கரண்டியால வாலில இருந்து தலைப் பக்கமாச் செதிலைச் சுரண்டி, தலை குடலை எடுத்து, முதுகுத் துடுப்பின்ர ரெண்டு பக்கமும் கீறித் துடுப்பைப் பிடிச்சு இழுத்தால் அடிமுள்ளோட கழண்டு வரும். பிறகு ரெண்டு பக்கமும் மூண்டு கீறல், கீறலுக்குள்ள தூள் போகோணும். மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, தேசிக்காய்ப் புளி. பொரிக்க முதல் கொஞ்சம் அரிசிமா தூவினால் தோல் மொறுமொறு எண்டு வரும். வால் நுனி அப்பளம் மாதிரி, அதுக்குத்தான் பிள்ளையள் சண்டை பிடிக்குங்கள்.

க்ராப்பிக் குழம்பு வைக்கலாம், ஆனால் சதை நல்ல மெது. புளியும் தூளும் கொதிச்சு வத்தி, எண்ணெய் மேல வந்த பிறகு துண்டைப் போட்டு அஞ்சு நிமிசத்தில அடுப்பை நூருங்கோ. கரண்டி போடாதையுங்கோ, சட்டியைத் தூக்கிச் சுழட்டி விடுங்கோ.

ஈகன்_அப்பா | ஞாயிறு மதியம் 2:47

வறுவல் காலி. குழம்பு அடுப்புல இருக்கு, சட்டியைச் சுழட்டற வேலை மாமனார் கையில.